கரகரக்கும் கிடாரும் க்யூ பாயிண்ட்டும்
(மூன்றாம் ஆண்டு மின்னணு மற்றும் தொடர்பியல் மாணவன் ஒருவனின் அனுபவப் பாடம்)



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த செயலாளரிடம், "நான் என்னத்தங்க எழுத? எனக்கே ரெண்டாம் ஆண்டுல அரியர்" என்றேன். "அதையே எழுதுங்க, பாதிப் பேரு படிப்பாங்க" என்றார். எனவே மறைக்காமல் தொடங்குகிறேன். மின்னணுச் சாதனங்களும் சுற்றுகளும் பாடத்தில் நான் தவறினேன். "டிரான்சிஸ்டர் பெருக்கியின் இயங்கு புள்ளி என்றால் என்ன? அதை நிலைநிறுத்தும் முறைகளை விளக்குக" என்ற வினாவுக்கு இரண்டு பக்கம் மனப்பாடமாக எழுதிவிட்டு வந்தேன். எழுதியதில் ஒரு வரிகூட எனக்குப் புரிந்திருக்கவில்லை. அந்த வினாவை எனக்குப் புரிய வைத்தது எங்கள் மாமாவின் கிடார். அந்தக் கதையும், அதற்குள் இருக்கும் பாடமும்தான் இந்தக் கட்டுரை. படித்துவிட்டு நீங்களும் ஒன்று செய்து பார்க்கலாம். செலவு அதிகமில்லை.

மாமா கேட்ட கேள்வி

நான் சின்னாளப்பட்டிக்காரன். மதுரை ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் சேலைக்கடைகளும், எதிரே காந்திகிராமமும், தூரத்தில் சிறுமலையும்தான் தெரியும். தெருவுக்குள் வந்தால் தறிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டிலும் தறி உண்டு. அப்பா நெசவு. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பகலில் சேலை மடிப்பார். திருவிழா சீசனில் மெல்லிசைக் குழுவில் லீட் கிடார் வாசிப்பார்.

மாமாவிடம் ஒரு பழைய வெளிநாட்டுப் பெடல் இருந்தது. காலால் மிதித்தால் கிடாரின் 'டிங் டிங்' என்ற ஒலி, 'ஜ்ர்ர்ர்' என்று நீண்டு கரகரக்கும். எழுபது எண்பதுகளின் பாடல்களுக்கு அது இல்லாவிட்டால் ருசியில்லை. பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் திரைக்கு வருவதற்கு முன்பே ஒரு கிடார் கலைஞராக இருந்தவர். அவர் பாடல்களில் எலக்ட்ரிக் கிடாருக்குக் கிடைத்த இடத்தை எங்கள் பக்கத்து மேடைக்காரர்கள் இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமாவும் அப்படித்தான்.

அந்தப் பெடல் ஒருநாள் செத்துப்போனது. புதிது வாங்க ஆயிரக்கணக்கில் ஆகும். மாமா என்னைப் பார்த்தார்.

"ஏன்டா மாப்ளே, நீ எலக்ட்ரானிக்ஸ்தான படிக்கிற? இதுக்குள்ள என்னதான்டா இருக்கு?"

திறந்து பார்த்தேன். இரண்டு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், சில கெபாசிட்டர். அவ்வளவுதான்! நாம் ஆய்வகத்தில் தினமும் தொடுகிற சாமான்கள். "இது நானே செய்வேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். ஊர்த் திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. அரியர் தேர்வுக்கு ஏழு வாரம்.

பழுதிலிருந்து பிறந்த ஒலி

இந்தக் கரகரப்பு எப்படி வந்தது என்று முதலில் தேடிப் படித்தேன். சுவையான வரலாறு அது.

தொடக்க காலப் பெருக்கிகள் எல்லாம் ஒலியைக் கெடுக்காமல் பெரிதாக்கவே செய்யப்பட்டன. ஆனால் சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் ஒலி உடைந்தது. அந்த உடைசலைச் சில கலைஞர்கள் விரும்பினார்கள். 1958-ல் லிங்க் ரே என்ற அமெரிக்கர் ஸ்பீக்கர் காகிதத்தில் ஓட்டை போட்டார். 1964-ல் இங்கிலாந்தின் 'கிங்க்ஸ்' குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் ஸ்பீக்கரைப் பிளேடால் கிழித்தார். நம் ஊரில் இப்படிச் செய்தால் மைக்செட்காரர் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள்!

இதற்கிடையே 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாடல் நாஷ்வில் நகரில் பதிவானபோது, ஒலிப்பதிவு மேசையின் ஒரு வழித்தடம் பழுதாகியிருந்தது. கிராடி மார்ட்டின் வாசித்த கிடார் அதன் வழியே போய், தேனீக்கூட்டம் போல ரீங்கரித்துப் பதிவானது. பதிவை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதோடு விடவில்லை. அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்க டிரான்சிஸ்டர்களால் ஒரு சுற்று அமைத்தார். அதை கிப்ஸன் நிறுவனம் 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் விற்றது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்தார். அதன் பிறகு உலகமே மிதித்தது. நம் நாட்டிலும் 1970, 1971-ம் ஆண்டுகளின் 'சிம்லா பீட்' போட்டிக் குழுக்களின் இசைத்தட்டுகளில் இந்த ஒலியைக் கேட்கலாம்.

ஆக, நம் பாடப்புத்தகம் 'உருக்குலைவு' என்று கெட்ட பெயர் வைத்து ஒதுக்குகிற ஒன்றைத்தான் இசைக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

தலை வெட்டப்பட்ட அலை

என்ன நடக்கிறது என்பதை இனிப் பார்ப்போம். கிடார்க் கம்பியின் அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய கம்பிச்சுருள். இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் சிறு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஏறத்தாழ 0.1 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓங்கி அடித்தால் இன்னும் கூடும்.

இதை 10 மடங்கு பெருக்கினால் 1 வோல்ட். அந்த இடத்தில் இரண்டு சிலிக்கான் டையோடுகளை எதிரெதிராகத் திருப்பி, கிரவுண்டுக்கு இணைத்துவிட்டால்? சிலிக்கான் டையோடு சுமார் 0.6 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும். அலையின் மேல் பக்கம் 0.6-ஐத் தாண்டினால் ஒரு டையோடும், கீழ்ப் பக்கம் தாண்டினால் மற்றொன்றும் திறந்துகொள்கிறது. அலையின் தலையும் காலும் வெட்டப்படுகின்றன. உருண்டையாக இருந்த அலை, மேல்தட்டையான வீடு போல ஆகிவிடுகிறது. நம் ஆய்வகத்தில் 'கிளிப்பர் சுற்று' என்று செய்து, சி.ஆர்.ஓ.-வில் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையெழுத்து வாங்கினோமே, அதேதான்! அதற்குக் காது உண்டு என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

அலையின் வடிவம் மாறினால் ஒலி ஏன் மாற வேண்டும்? கிடாரின் ஐந்தாவது கம்பி நொடிக்கு 110 முறை அதிர்கிறது. அலையை இருபுறமும் சமமாக வெட்டும்போது அதன் 3, 5, 7 மடங்குகளில், அதாவது 330, 550, 770 ஹெர்ட்ஸ்களில், புதிய ஒலிகள் கூடவே பிறக்கின்றன. இவை ஒற்றைப்படை மேற்சுரங்கள். ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் வெட்டினால் 2, 4 என்ற இரட்டைப்படை மேற்சுரங்களும் சேரும். ஒலியின் குணம் மாறும்.

இதைக் கேட்டு, "மேல்நாட்டுக்காரன் கண்டுபிடிச்ச கூச்சல்" என்று நினைக்காதீர்கள். நம் தம்புராவைப் பாருங்கள். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு சிறு நூல் இழையை வைப்பார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். அந்த இழை, தந்தி சுத்தமாக அதிர்வதற்குச் சிறு இடையூறு செய்கிறது. அப்போதுதான் மேற்சுரங்கள் எழும்பித் தம்புரா ரீங்கரிக்கிறது. இழையை எடுத்துவிட்டால் ஒலி மொட்டையாகிவிடும். இதைச் சொன்னபோது அப்பா தறியை நிறுத்திவிட்டு, "நூலுக்கு அப்படி ஒரு வேலை வேற இருக்கா?" என்று கேட்டார்.

சுற்று

இனிச் செய்முறை. ஒரே ஒரு டிரான்சிஸ்டர் போதும். தேவையான பாகங்கள்:

1. டிரான்சிஸ்டர் பி.சி. 547 – ஒன்று
2. ரெசிஸ்டர்: 2.2 மெக் ஓம் (சிவப்பு, சிவப்பு, பச்சை), 4.7 கிலோ ஓம் (மஞ்சள், ஊதா, சிவப்பு), 680 ஓம் (நீலம், சாம்பல், பழுப்பு) – வகைக்கு ஒன்று
3. கெபாசிட்டர்: 0.1 மைக்ரோ ஃபாரட் (மேலே 104 என்று இருக்கும்) – இரண்டு. 47 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் எலக்ட்ரோலிடிக் – ஒன்று
4. டையோடு 1என்4148 – இரண்டு
5. வால்யூம் கண்ட்ரோல்: 1 கிலோ ஓம் – ஒன்று, 100 கிலோ ஓம் – ஒன்று
6. கிடார் சாக்கெட்: ஸ்டீரியோ ஒன்று, மோனோ ஒன்று. கடையில் 'பி-38' என்று கேளுங்கள், உடனே புரியும்
7. காலால் அழுத்தும் ஆறு கால் ஸ்விட்ச் – ஒன்று
8. 9 வோல்ட் பேட்டரி, அதன் கிளிப், ஒரு துண்டு வீரோ போர்டு

திண்டுக்கல்லில் ஒரு டி.வி. ரிப்பேர் கடை அண்ணனிடம் பாதியும், சென்னை ரிச்சி தெருவுக்குப் போன நண்பனிடம் சொல்லி மீதியும் வாங்கினேன். ஸ்விட்ச்சைத் தவிர மற்றதெல்லாம் சேர்த்து இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை.

இணைக்கும் முறை: கிடாரிலிருந்து வரும் சிக்னல் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. கலெக்டருக்கும் 9 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம். கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே 2.2 மெக் ஓம். எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 680 ஓம். எமிட்டரிலிருந்து 47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரின் பிளஸ் காலை எடுத்து, அதன் மைனஸ் காலை 1 கிலோ ஓம் கண்ட்ரோல் வழியாகக் கிரவுண்டுக்கு இணைக்க வேண்டும். இதுதான் கரகரப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு. கலெக்டரிலிருந்து இரண்டாவது 0.1 மைக்ரோ ஃபாரட் வழியாக வெளியே வரும் இடத்தில், இரண்டு டையோடுகளையும் எதிரெதிராகக் கிரவுண்டுக்குப் போடுங்கள். அதே இடத்திலிருந்து 100 கிலோ ஓம் கண்ட்ரோலின் ஒரு முனை, மறு முனை கிரவுண்டு, நடுக்கால் வெளியீடு.

ஆறு கால் ஸ்விட்ச்சில் நடுக்கால் இரண்டும் உள்ளே, வெளியே சாக்கெட்டுகளுக்கு. ஒரு பக்கக் கால் இரண்டும் சுற்றின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும். மறு பக்கக் கால் இரண்டையும் ஒரு கம்பியால் ஒன்றாக்கிவிடுங்கள். ஒரு மிதியில் சிக்னல் சுற்றுக்குள் போகும். மறு மிதியில் சுற்றைத் தொடாமல் நேராகப் போகும்.

உள்ளீட்டில் ஸ்டீரியோ சாக்கெட் எதற்கு? பேட்டரியின் மைனஸை அதன் நடு வளையக் காலுடன் இணையுங்கள். கிடாரின் மோனோ பின்னைச் செருகும்போது அந்த வளையம் கிரவுண்டோடு தானாகச் சேர்ந்து மின்சாரம் வரும். பின்னை உருவினால் நின்றுவிடும். தனி ஸ்விட்ச் தேவையில்லை.

தேர்வில் விட்டது மேசையில் வந்தது

எல்லாம் சேர்த்து முடித்து, மாமாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். கொசு இருமுவது போல ஒரு சத்தம்.

"மாப்ளே, இதுக்கா ரெண்டு வாரம்?"

மல்டிமீட்டரை எடுத்துக் கலெக்டரில் வைத்தேன். 8 வோல்ட்டுக்கும் மேலே காட்டியது. அந்த நேரத்தில்தான் மனப்பாடம் செய்த அந்த இரண்டு பக்கமும் எனக்குத் தமிழாக மாறியது. கலெக்டர் கிட்டத்தட்ட பேட்டரி அளவுக்கு நிற்கிறது என்றால், 4.7 கிலோ ஓமில் வீழ்ச்சியே இல்லை. வீழ்ச்சி இல்லை என்றால் மின்னோட்டம் இல்லை. டிரான்சிஸ்டர் தூங்குகிறது!

காரணம் என் அவசரம். பி.சி. 547-ஐத் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். ஆனால் 2என்3904 போன்ற அமெரிக்க எண்களுக்கு இது தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். நான் பார்த்து வரைந்த படம் அந்த எண்ணுக்கானது. புதிய டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்ததும் கலெக்டரில் 6 வோல்ட் வந்தது.

ஏன் 6? கணக்கைப் பாருங்கள். 4.7 கிலோ ஓமில் சுமார் 0.65 மில்லி ஆம்பியர் ஓடினால் வீழ்ச்சி 3 வோல்ட். 9-ல் 3 போக 6. இதுதான் இயங்கு புள்ளி, நாம் சொல்லும் க்யூ பாயிண்ட். சிக்னல் வராதபோது டிரான்சிஸ்டர் ஓய்வாக நிற்கும் இடம். ஊஞ்சல் ஆட முன்னும் பின்னும் இடம் வேண்டும் அல்லவா? சுவரை ஒட்டி ஊஞ்சல் கட்டினால் ஒரு பக்கம் இடிக்கும். 8.5 வோல்ட்டில் நின்றால் மேலே போக இடமில்லை. 1 வோல்ட்டில் நின்றால் கீழே போக இடமில்லை. உங்கள் டிரான்சிஸ்டரின் பெருக்க எண்ணைப் பொறுத்து 5 முதல் 6½ வோல்ட் வரை எது வந்தாலும் சரி.

'நிலைநிறுத்தும் முறை' என்ற இரண்டாம் பாதியும் இங்கேயே இருக்கிறது. 2.2 மெக் ஓமை நேராகப் பேட்டரிக்குக் கொடுக்காமல் கலெக்டருக்கு ஏன் கொடுத்தோம்? சித்திரை வெயிலில் டிரான்சிஸ்டர் சூடாகி மின்னோட்டம் கூடுகிறது என்று வையுங்கள். உடனே 4.7 கிலோ ஓமில் வீழ்ச்சி கூடும். கலெக்டர் அழுத்தம் குறையும். அதிலிருந்துதானே பேஸுக்கு மின்னோட்டம் வருகிறது? அதுவும் குறையும். கூடிய மின்னோட்டம் பழையபடி இறங்கும். யாரும் காவல் நிற்க வேண்டாம், தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. இதைச் சூத்திரமாக எழுதி நான் மதிப்பெண் இழந்தேன். ஹேர் டிரையரைக் காட்டி மீட்டர் முள் நகர்ந்து நிற்பதைப் பார்த்த பிறகு மறக்கவில்லை.

பெருக்கமும் விளங்கியது. எமிட்டரில் 47 மைக்ரோ ஃபாரட் இல்லாவிட்டால் பெருக்கம் ஏறத்தாழ 4700-ஐ 680-ஆல் வகுத்தது. அதாவது 6, 7 மடங்குதான். கெபாசிட்டர் வழியாகக் கிடார்ச் சிக்னலுக்கு மட்டும் குறுக்குவழி கொடுத்தால், திருகுக்கு ஏற்ப 10-லிருந்து 100 மடங்கு வரை போகும். கெபாசிட்டர் நேர்மின்னோட்டத்தை விடாது என்பதால் இயங்கு புள்ளி அசையாது. ஆனால் ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கிறோம். பெருக்கத்தைக் கூட்டக் கூட, உள்ளீட்டு மின்மறுப்பு குறைந்து, கிடாரின் பிக்கப்பை அமுக்குகிறது. முழுதாகத் திறந்தால் ஒலி கொஞ்சம் மங்குவது அதனால்தான்.

டிபன் டப்பாவும் இரைச்சலும்

முதலில் சுற்றைப் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் வைத்தேன். 'ம்ம்ம்' என்று இடைவிடாத இரைச்சல். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் சோக்கும் ஒயர்களும் பரப்புகிற மின்புலத்தை இந்த உயர் பெருக்கச் சுற்று அப்படியே பிடித்து 100 மடங்காக்குகிறது. உலோகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கிரவுண்டோடு இணைத்தால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். அம்மாவின் பழைய அலுமினிய டிபன் டப்பா ஒன்று கண்ணில் பட்டது. துளை போட்ட பிறகுதான் அனுமதி கேட்டேன். "கல்யாணச் சீருடா அது" என்றார் அம்மா. இன்றுவரை அந்தக் கணக்கு தீரவில்லை. எவர்சில்வரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், துளை போடுவது பெரும்பாடு.

ஒரு எல்.இ.டி. விளக்கும் வைத்தேன். இங்கும் ஒரு கணக்கு உண்டு. சுற்று குடிப்பது 0.65 மில்லி ஆம்பியர். 1 கிலோ ஓமுடன் எல்.இ.டி. குடிப்பது 7 மில்லி ஆம்பியர்! வேலை செய்பவனைவிட வேடிக்கை பார்ப்பவன் பத்து மடங்கு சாப்பிடுகிறான். 4.7 கிலோ ஓம் போட்டால் ஒன்றரை மில்லி ஆம்பியரில் முடியும். இரவு மேடையில் அந்த வெளிச்சம் போதும்.

திருவிழா இரவு

வீட்டில் நன்றாக வேலை செய்தது. திருவிழா அன்று மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். நாலாவது பாட்டில் கிடார் வரும் இடம். மாமா மிதித்தார்.

ஒன்றுமில்லை. கிடார் ஊமையாகிவிட்டது.

மாமா என்னைப் பார்க்கவில்லை. மறுபடி ஒரு மிதி மிதித்து நேர்வழிக்குப் போட்டு, சாதாரண ஒலியிலேயே அந்த இடத்தை வாசித்து முடித்தார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்றிரவு முழுக்க அந்தப் பெடல் அவர் காலடியில் சும்மா கிடந்தது. ஒரு வார்த்தை அவர் என்னைக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

மறுநாள் திறந்து பார்த்தேன். வெளியீட்டுக் கெபாசிட்டரின் காலில் ஈயம் உருண்டையாக, மங்கலாக, ஒட்டாமல் உட்கார்ந்திருந்தது. கோல்டு சால்டர்! வீட்டு மேசையில் அசையாமல் இருந்தவரை தொட்டுக்கொண்டிருந்தது. மேடையில் பேஸ் டிரம் அதிர்வில் விட்டுவிட்டது. அப்பா பக்கத்தில் வந்து பார்த்தார். புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்கிறவர் அவர்.

"ஒவ்வொண்ணையும் இழுத்துப் பார்த்தியா தம்பி?"

"கண்ணால பார்த்தேன்ப்பா."

"கண்ணுக்கு எல்லாம் ஒட்டுன மாதிரிதான் இருக்கும். ஆயிரம் இழை பிணைக்கிறோம். ஒவ்வொண்ணையும் விரலால ஒரு சுண்டு சுண்டிட்டுத்தான் அடுத்ததுக்குப் போறோம்."

நம் ஆய்வகத்தில் சொல்லித்தரும் முறையும் அதுதான்; நான் தான் காதில் வாங்கவில்லை. 25 வாட் சால்டரிங் இரும்பை முதலில் காலிலும் செம்புத் தடத்திலும் சேர்த்து வைத்துச் சூடேற்றுங்கள். பிறகு ஈயத்தை இரும்பில் அல்ல, சூடான இணைப்பில் தொடுங்கள். ஈயம் பரவி, குழிந்து, பளபளப்பாக நின்றால் நல்ல இணைப்பு. ஆறும்வரை அசைக்காதீர்கள். ஆறியதும் இழுத்துப் பாருங்கள். 60/40 ஈயக் கம்பியில் காரீயம் இருப்பதால் வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. புகையை முகர வேண்டாம்.

எல்லா இணைப்புகளையும் மறுபடி பற்றவைத்தேன்.

ஜெர்மானியம் ஆசை

கொஞ்சம் கைவந்ததும் ஆசை வளரும். 1966-ல் லண்டனில் வந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்ற புகழ்பெற்ற பெடல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் இருந்தது. அதன் முதல் வடிவில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். ஜெர்மானியம் நமக்கும் அந்நியமில்லை. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-லேயே ஜெர்மானியக் குறைகடத்திகளைத் தயாரிக்கத் தொடங்கியது. தாத்தா காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஏ.சி. 128 என்ற உலோகத் தொப்பிக்காரரை இன்றும் பார்க்கலாம்.

அப்படி ஒன்றைப் பழைய ரேடியோவிலிருந்து கழற்றி இரண்டாவது பெடல் செய்தேன். ஏ.சி. 128 பி.என்.பி. வகை என்பதால் பேட்டரியைத் தலைகீழாக இணைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அதிகாலையில் தேன் போல ஒலித்தது. மத்தியானம் மூன்று மணிக்குக் கொரகொரவென்று இழுத்தது. காரணம் கசிவு மின்னோட்டம். ஜெர்மானியத்தில் அது ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரண்டு மடங்காகிறது. லண்டன் குளிருக்குப் பிறந்த சுற்று திண்டுக்கல் வெயிலில் தன் இயங்கு புள்ளியை இழக்கிறது. நம் ஊருக்குச் சிலிக்கான்தான் ஏற்றது. ஜெர்மானிய ருசி வேண்டுமானால் டிரான்சிஸ்டரைச் சிலிக்கானாகவே வைத்து, இரண்டு டையோடில் ஒன்றை மட்டும் ஓ.ஏ. 79 ஆக மாற்றுங்கள். அது 0.2, 0.3 வோல்ட்டிலேயே திறந்துகொள்ளும். அலை ஒரு பக்கம் அதிகமாக வெட்டப்பட்டு, மேலே சொன்ன இரட்டைப்படை மேற்சுரங்கள் கிடைக்கும். இரண்டுக்கும் பதிலாகச் சிவப்பு எல்.இ.டி. போட்டால் 1.6 வோல்ட்டுக்கு மேல்தான் வெட்டும். சத்தம் கூடும், கரகரப்பு குறையும்.

ஒரு எச்சரிக்கை

இதைத் தவறாமல் படியுங்கள். 9 வோல்ட் பேட்டரி யாரையும் கொல்லாது. ஆனால் பெடலின் கிரவுண்டு பெருக்கியின் கிரவுண்டோடும், அது கிடார்க் கம்பியோடும், கம்பி வாசிப்பவர் விரலோடும் இணைந்திருக்கிறது. மேடைப் பெருக்கிக்குச் சரியான எர்த் இல்லாவிட்டால், ஒரு கை கிடாரிலும் உதடு மைக்கிலும் படும்போது முழு மின்னழுத்தமும் உடம்பு வழியே பாயலாம். 1972-ல் ஸ்வான்ஸி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் மேடையிலேயே இப்படித்தான் இறந்தார்; எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார். ஆகவே மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் உடைக்காதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையானால் வாசிக்கும் முன்பு மைக்குக்கும் கிடார்க் கம்பிக்கும் இடையே ஏ.சி. வோல்ட் அளந்து பாருங்கள். நான் இப்போது மாமாவோடு போனால் முதல் வேலை அதுதான். டைனோ அண்ணன் சிரிப்பார், சிரிக்கட்டும். தொடக்க நிலையில் பேட்டரியோடு நில்லுங்கள். சுவரிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் எதையும் நீங்களாகக் கட்ட வேண்டாம்.

நிறைவாக

அடுத்த மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் மாமா மறுபடியும் அந்த டிபன் டப்பாவை மேடைக்கு எடுத்துப் போனார். நான் கேட்கவில்லை, அவரே எடுத்தார். அதே பாட்டு, அதே இடம், மிதித்தார். கரகரவென்று நீண்டது. இறங்கி வந்ததும், "நல்லாத்தான் இருக்குடா மாப்ளே. ஆனா என் பழசுக்குக் கொஞ்சம் பத்தாது" என்றார். அவர் சொன்னது உண்மை. பழையதில் இரண்டு டிரான்சிஸ்டர். இரண்டாம் நிலையைச் சேர்க்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

அரியர் தேர்வில் இயங்கு புள்ளி வரவில்லை, ஆசிலேட்டர் வந்தது! ஆனாலும் பயமில்லாமல் எழுதினேன். 58 மதிப்பெண். ஆசிலேட்டர் என்பதும் ஒரு பெருக்கிதானே. வெளியே வருவதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிக் கொடுத்தால் ஊளையிடும். அதை நான் தவறுதலாக இரண்டு முறை வீட்டில் செய்திருக்கிறேன்.

முதலாமாண்டுத் தம்பி தங்கைகளே! உங்கள் வீட்டுப் பக்கம் கிடாரோ, கீபோர்டோ, பழைய ரேடியோவோ இருந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாகத்தின் மேலும் நீங்கள் மனப்பாடம் செய்யும் ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறது. மல்டிமீட்டர் இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல் மின்னணு ஆய்வகத்துக்கு வாருங்கள். பொறுப்பாளரின் அனுமதியோடு நான் அங்கேதான் இருப்பேன். டப்பா மட்டும் உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு!